தீர்மானப் புத்தகத்தில் என் கையெழுத்து

கண்ணு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நான் சௌக்கியம், அப்பாவும் சௌக்கியம், முழங்கால் வலி மட்டும் அவரை விடுவதாக இல்லை. ஒன்றிய ஆபீஸில் ஜன்னலோரமாக மேசை கிடைத்திருக்கிறது, மெஸ் சாப்பாடு பரவாயில்லை, பக்கத்துக் கட்டில்காரன் குறட்டை விட்டே கொல்கிறான் என்றெல்லாம் எழுதியிருந்தாய். சிரித்துக்கொண்டேதான் படித்து வந்தேன். இரண்டாம் பக்கத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. ஏழுமலை என்று ஒரு கிழவர் திங்கட்கிழமை தவறாமல் மனுவோடு வந்து நிற்கிறார், சரியான பேஜாரு என்று எழுதியிருக்கிறாய். நம் ஊர்ப் பஞ்சாயத்தில் குமாஸ்தாவாக இருந்து, அம்மாவின் கையெழுத்தைப் போலியாகப் போட்டு வேலை போன அதே ஆள், தான் அதைச் செய்யவில்லை என்று சர்க்கார் எழுதித் தர வேண்டுமென்று கேட்கிறார், நான் யார் பிள்ளை என்று அவருக்குத் தெரியாது, பழைய ஃபைலில் 'மேல் நடவடிக்கை தேவையில்லை' என்று குறிப்பு எழுதிவிட்டேன், அடுத்த வாரம் கமிஷனர் மேசைக்குப் போகும் என்று எழுதியிருக்கிறாய்.

அந்தக் குறிப்பை அனுப்பாதே. அனுப்பிவிட்டிருந்தால் யார் காலைப் பிடித்தாவது திரும்ப வாங்கு. அந்தக் கையெழுத்து போலி இல்லை. ஏழுமலை போட்டது இல்லை. நான் போட்டது. என் அடுப்பங்கரை வாசலில் நின்று, என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்துவிட்டு, என் கையாலேயே போட்டது. இதை எழுதுவதற்கு எனக்குப் பதினொரு வருஷமும் இரண்டு நாளும் ஆகியிருக்கிறது. இரண்டு நாளாகக் காகிதத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருந்ததைப் பார்த்து, யாருக்கு அப்படி என்ன எழுதுகிறாய் என்று அப்பா கேட்டார். உனக்குத்தான் என்றேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. அதற்கும் வருகிறேன்.

நம் வீட்டில் இந்தக் கதை எப்படிச் சொல்லப்படுகிறது என்று எனக்குத் தெரியும். கண்டிகை ஜனங்களுக்குக் கிணறு கிடைக்க அப்பா மனு எழுதிக் கொடுத்தார், தன் கையெழுத்தைத் திருடினவனை அம்மா நாலு பேர் நடுவில் காட்டிக் கொடுத்தாள், அதற்கு வஞ்சம் வைத்து அப்பாவை ஆந்திரா எல்லையில் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தூக்கி அடித்தார்கள். இதை நீ எத்தனை சிநேகிதர்களிடம் சொல்லியிருப்பாய். வேலைக்கான நேர்காணலில்கூடச் சொன்னதாக வந்து பெருமையாகச் சொன்னாய். அன்றைக்கு நான் காபி கலக்கிறேன் என்று எழுந்து உள்ளே போய்விட்டேன். அப்பாவைப் பற்றி நீ சொன்னதெல்லாம் உண்மை. என்னைப் பற்றி நீ சொன்னது நான் கட்டிய கதை. நீ அப்போது பொன்னேரியில் ஹாஸ்டலில் இருந்து எட்டாவது படித்துக்கொண்டிருந்தாய், அதனால் நாங்கள் சொன்னதுதான் உனக்குத் தெரியும்.

நான் மெம்பர் ஆனதே ஒரு கூத்து. பஞ்சாயத்தில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று சட்டம். தேர்தலில் எந்தப் பெண்ணும் நிற்கவில்லை, நிற்க விட்டால்தானே. அப்படி ஆனால் மெம்பர்களே கூடி ஒருத்தியைச் சேர்த்துக்கொள்ளலாம். வாத்தியார் பெண்டாட்டி, எழுதப் படிக்கத் தெரிந்தவள், எதிர்த்துப் பேசமாட்டாள் என்று கணக்குப் போட்டு பிரசிடெண்ட் என்னைப் பிடித்துப் போட்டார். உப்புக்குச் சப்பாணி என்று எனக்கே தெரியும். ஆனால் கண்ணு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. அதுவரைக்கும் நான் வாத்தியார் ஊட்டம்மா. அதற்கப்புறம் மெம்பரம்மா. மளிகைக் கடையில் எனக்கு முன்னால் நிற்கிறவன் ஒதுங்கி வழிவிடுவான். தெருவிளக்கு எரியவில்லை, பொதுக்கிணற்றில் ராட்டினம் உடைந்துவிட்டது, சுடுகாட்டுப் பாதையில் முள் மண்டிக் கிடக்கிறது என்று பெண்கள் என்னிடம் வந்து சொல்வார்கள். நான் தலையை ஆட்டி, சொல்றேன், சொல்றேன் என்பேன். சொன்னதும் உண்டு, மறந்ததும் உண்டு.

கூட்டம் என்று ஒன்று நடந்து நான் பார்த்ததில்லை. மாசம் ஒரு நாள் ஏழுமலை சைக்கிளில் தீர்மானப் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு வருவார். பச்சை அட்டை போட்ட பெரிய நோட்டு. கூட்டம் நடந்தது, இன்னார் இன்னார் வந்திருந்தார்கள், இன்னின்ன தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்று பிரசிடெண்ட் வீட்டில் உட்கார்ந்து எழுதி முடித்துவிட்டுத்தான் வீடு வீடாக வருவார். மற்ற மெம்பர்களில் மூன்று பேர் கைநாட்டு. கையெழுத்து அழகாக இருப்பது என்னுடையதுதான் என்று ஏழுமலை ஒவ்வொரு தடவையும் சொல்வார், அதில் எனக்கு ஒரு குளிர்ச்சி. அவர் வருகிற நேரமும் அப்படி. அப்பா பள்ளிக்கூடம் போயிருப்பார், அடுப்பில் உலை கொதிக்கும். ஒரு கையில் கரண்டியோடு வந்து இன்னொரு கையால் போட்டுக் கொடுத்து அனுப்புவேன். சுற்றுவட்டாரத்தில் எல்லா ஊரிலும் அப்படித்தான் நடந்தது, அது ஒரு தப்பு என்றே யாருக்கும் தோன்றவில்லை. உன் ஆபீஸுக்கு வருகிற தீர்மானங்களிலும் பாதி இப்படி அடுப்பங்கரை வாசலில் நிறைவேறியதாகத்தான் இருக்கும்.

அந்த வருஷம் தை மாசத்தில் நம் பஞ்சாயத்துக்கு ஒரு குடிதண்ணீர்க் கிணறு வெட்ட சர்க்கார் பணம் மஞ்சூர் ஆனது. கண்டிகைக்கு என்றே ஆனது. கண்டிகை எங்கே என்று உனக்கு நினைவிருக்கும், ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் ஒரு கல் தூரம் தள்ளி நாற்பது குடிசை. எல்லாரும் நம் ஊர் வயல்களில் நடவு நட்டு, களை எடுத்துப் பிழைக்கிற ஜனங்கள். அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் ஒரு குட்டையில்தான், எருமை இறங்குகிற அதே குட்டை. அங்கேயிருந்து கன்னியம்மா நம் வீட்டுக்குக் கீரை கொண்டுவருவாள். கூடையை இறக்கினதும் ஒரு சொம்பு தண்ணீர் கேட்டு வாங்கி அண்ணாந்து குடிப்பாள். "உங்க ஊட்டுத் தண்ணி கல்கண்டு மாதிரி கீதும்மா" என்பாள். ஓவர்சியர் வந்து கண்டிகையில் குழி தோண்டிப் பார்த்த அன்றைக்கு அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "பத்தடியிலயே ஊறிக்கினு வருதும்மா. நான் ஒரு வாய் குடிச்சிப் பாத்தேன், நல்லா கீது. இனிமே உங்க சொம்பு எனக்கு வாணாம்" என்று சிரித்தாள்.

பத்து நாள் கழித்து ஏழுமலை புத்தகத்தோடு வந்தார். கண்டிகையில் தோண்டிப் பார்த்ததில் தண்ணீர் உப்பாக இருப்பதால் கிணற்றை ஊருக்குக் கிழக்கே வெட்ட ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது என்று எழுதியிருந்தது. ஊருக்குக் கிழக்கே என்றால் பிரசிடெண்ட் வயலின் வரப்பு. அன்றைக்கு என்னவோ நான் படித்துவிட்டேன். மற்ற நாளில் படிக்காமல் போடுகிறவள், அன்றைக்குப் படித்தேன்.

"இன்னா ஏழுமலை, தண்ணி உப்புன்னு எழுதியிருக்க? நல்லா இருக்குன்னு கன்னியம்மா சொன்னாளே."

"அதெல்லாம் ஆபீஸ் எழுத்தும்மா. எழுதுன்னாரு, எழுதிக்கினு வந்தேன். எல்லாரும் போட்டாச்சி, நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

"அப்போ கண்டிகைக்கு?"

"அடுத்த வருசம் வேற கெணறு வரும்மா. அங்க பாருங்க, உல பொங்குது."

உலை பொங்கத்தான் பொங்கியது. போய் இறக்கிவிட்டு வந்து, புத்தகத்தை எடுத்துக்கொண்டு போ, நான் போடமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். போடாவிட்டால் அடுத்த மாசம் புத்தகம் வேறு வீட்டு வாசலுக்குப் போகும், மெம்பரம்மா பட்டமும் கூடவே போகும் என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த ஒரு கணம்தான். போட்டேன். அடுத்த நாள் கன்னியம்மா கீரையோடு வந்தபோது தண்ணீர்ச் சொம்பை அவள் கேட்கும் முன்னாலேயே நீட்டினேன்.

பங்குனியில் பிரசிடெண்ட் வரப்பில் கிணறு வெட்டினார்கள். சித்திரை பிறந்து குட்டை வற்றி, அடியில் பச்சையாக ஒரு முழத் தண்ணீர் நின்றது. வைகாசியில் கண்டிகையில் வாந்திபேதி கண்டது. ஊசி போடுகிறவர்கள் வந்து சேர்வதற்குள் மூன்று பேர் போய்விட்டார்கள். அதில் ஒருத்தி கன்னியம்மாவின் மகள், அப்பாவின் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது படித்தவள். பச்சையம்மா என்று பேர். அடக்கத்துக்குப் போய்விட்டு வந்த அப்பா குளித்து முடித்து, ஈர வேட்டியோடு அப்படியே நின்றார். "இந்த ஜனத்துக்கு வந்த கெணற எவனோ வழியில மடக்கிக்கினான். உப்புத் தண்ணின்னு தீர்மானம் போட்டுகீறாங்க. இத சும்மா விடப் போறதில்ல" என்றார். நான் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். தாளிப்பை ரசத்தில் கொட்டி மூடினேன். அவர் என்னை ஏதும் கேட்கவில்லை.

கண்டிகைக்காரர்கள் பேரில் கலெக்டருக்கு ஒரு மனு போயிற்று. யார் எழுதிக் கொடுத்தது என்று ஊருக்குத் தெரியாது. யார்மீது புகாரோ அவரிடமே விளக்கம் கேட்டு மனு திரும்பி வரும் என்பது உனக்கு இப்போது தெரிந்திருக்கும். அப்படியே பிரசிடெண்ட் கைக்கு வந்தது. ஆடி மாசம் ஒரு புதன்கிழமை விசாரணை, பள்ளிக்கூடத்தில் வைத்து, எல்லா மெம்பரும் ஆஜராக வேண்டும் என்று தண்டோரா போட்டார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் பிரசிடெண்ட் நம் வீட்டு வாசலுக்கே வந்தார். அதுவரை ஒரு நாளும் வந்ததில்லை.

"ஒண்ணும் இல்லம்மா. கூட்டம் நடந்துச்சி, நான் வந்தேன், கையெழுத்து போட்டேன்னு சொல்லிடுங்க. அவ்ளோதான். சார் வேலை பாக்கற பள்ளிக்கூடமும் ஒன்றியத்தோடதுதான். நாளைக்கி ஒரு ஆர்டர் வந்து எங்கனா தூரமா போட்டுட்டாங்கன்னா உங்களுக்குத்தான கஷ்டம்?" என்றார். பேச்சு மரியாதையாகத்தான் இருந்தது.

அவர் போனதும் கை கால் ஓடாமல், என்ன செய்வதென்று தெரியாமல் அலமாரியைத் துடைக்க ஆரம்பித்தேன். அப்பாவின் நோட்டுகளுக்கு நடுவில் மடித்த காகிதம் ஒன்று இருந்தது. அவர் எழுத்து. அடித்துத் திருத்தி எழுதிய மனுவின் நகல். அடுப்பு மேடையில் வைத்துப் படித்தேன். கூட்டமே நடக்கவில்லை, தண்ணீர் உப்பு என்பது பொய், மூன்று உயிர் போயிருக்கிறது என்று எல்லாம் இருந்தது. கடைசியில் ஒரு வரி: 'பெண் உறுப்பினரின் கையொப்பம் அவர் அறியாமல் போலியாக இடப்பட்டிருக்கும் என்று உறுதியாக நம்புகிறோம்.'

கண்ணு, அந்த ஒரு வரியை நான் மறுபடி மறுபடி படித்தேன். உன் அப்பா புத்தகத்தைப் பார்த்ததில்லை. எல்லா மெம்பரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டிருக்கிறார். என் பெண்டாட்டி இப்படி ஒரு பொய்யில் கையெழுத்துப் போடமாட்டாள், அதனால் போலியாகத்தான் இருக்கும் என்று தானே முடிவு கட்டிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. மத்தியானம் சாப்பிட வந்தார், போட்டேன், சாப்பிட்டார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை, புதன்கிழமை விடிந்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பறையில் மேசை போட்டு அதிகாரி உட்கார்ந்திருந்தார். பிள்ளைகளை மரத்தடிக்கு அனுப்பிவிட்டு அப்பா வெளியே ஜன்னலோரம் நின்றார். கண்டிகை ஜனங்கள் மைதானம் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். நான் கூட்டம் நடந்தது என்று சொன்னால் கண்டிகைக்குக் கிணறு இல்லை, அப்பா எழுதியது பொய் என்று ஆகும். நடக்கவில்லை, ஆனால் நான்தான் போட்டேன் என்று சொன்னால் கிணறு வரும், நான் தலைகுனிய வேண்டும், பச்சையம்மாவின் தாய் என்னைப் பார்ப்பாள், அப்பா பார்ப்பார். மூன்றாவது வழியை அந்த மனுவிலேயே அப்பா எனக்குத் திறந்து வைத்திருந்தார்.

அதிகாரி புத்தகத்தைத் திருப்பிக் காட்டி, "இது உங்க கையெழுத்தாம்மா?" என்றார்.

கதவோரம் நின்ற ஏழுமலை எனக்கு முந்திக்கொண்டார். "மெம்பரம்மா போட்டதுதான் சார். முத்து முத்தா கீது பாருங்க" என்றார். அவர் முகத்தில் துளி பயம் இல்லை. நான் போட்டதை அவர் கண்ணால் பார்த்தவர் ஆயிற்றே.

"இல்லீங்க" என்றேன். "நான் போடல."

ஏழுமலை சிரித்தார். நான் ஏதோ தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை. அப்புறம், "அம்மா, இன்னாம்மா சொல்றீங்க? உல பொங்குதுன்னு கூட நான்..." என்று ஆரம்பித்தார். அதிகாரி அதட்டி நிறுத்தினார். ஒரு வெள்ளைத்தாளை என் முன்னால் தள்ளி, இதில் உங்கள் கையெழுத்தைப் போடுங்கள் என்றார். நான் போட்டேன். மெதுவாக, கோணலாக, ஒரு எழுத்து மேலேயும் ஒரு எழுத்து கீழேயுமாகப் போட்டேன். அதிகாரி இரண்டையும் பார்த்துத் தலையை ஆட்டினார், பழைய மாசத்துப் பக்கங்களைப் புரட்டிப் பார்க்கவில்லை. பிரசிடெண்ட் ஒரு நிமிஷம் அசையவில்லை. அவர் மூளை வேலை செய்ததை நான் பார்த்தேன். சட்டென்று எழுந்து, "அடப்பாவி ஏழுமலை, என்னையே ஏமாத்திட்டியேடா" என்றார். அதற்கப்புறம் ஒவ்வொரு மெம்பரும் வந்து, எங்களுக்கும் தெரியாது, எங்கள் ரேகையும் எங்களுடையதில்லை என்றார்கள். நான் கதவைத் திறந்துவிட்டேன், எல்லாரும் அது வழியாகவே வெளியே போய்விட்டார்கள். உள்ளே ஏழுமலை ஒருத்தர்தான் நின்றார்.

இதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. அந்தத் தீர்மானம் ரத்தாகி கண்டிகைக்கு வேறு கிணறு கிடைத்ததே, நல்லதுதானே நடந்தது என்று பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஆனால் கூட்டம் நடக்கவில்லை என்பது ஒன்றே போதும், கிணறு வந்திருக்கும். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் என் பதவி போயிருக்கும், பிரசிடெண்ட் மாட்டியிருப்பார், ஏழுமலைக்குப் பொய்யாகத் தீர்மானம் எழுதினதற்கு உண்டான தண்டனை மட்டும் கிடைத்திருக்கும். அவர் ஒன்றும் அப்பழுக்கில்லாதவர் இல்லை, எழுதச் சொன்னதை எழுதினவர். ஆனால் செய்யாத ஒன்றுக்கு அவரைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போயிற்று. இருபது நாள் உள்ளே இருந்தார். கேஸ் நிற்கவில்லை என்று விட்டுவிட்டார்கள், வேலையைத் திருப்பித் தரவில்லை. செங்கல் சூளையில் காவலுக்கு நிற்கிறார் என்று கேள்விப்பட்டேன். மூத்த பெண்ணுக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம் கையெழுத்துத் திருடன் வீடு என்று முறிந்தது. பிரசிடெண்ட் அடுத்த தேர்தலிலும் பிரசிடெண்டாகவே வந்தார், அப்பாவை எல்லைக்குத் தூக்கிப் போடவும் செய்தார். நான் சொன்ன பொய் அவருக்குத்தான் உதவியது.

கார்த்திகையில் கண்டிகைக் கிணற்றில் தண்ணீர் கண்டது. கன்னியம்மா ஒரு குடம் நிறைய இடுப்பில் சுமந்துகொண்டு ஒரு கல் தொலைவு நடந்து வந்தாள். "மொத தண்ணி உங்களுக்குத்தான் மெம்பரம்மா. உங்க கையெழுத்தயே திருடிட்டானே அந்தப் பாவி. நீங்க மட்டும் வாய தொறக்கலைன்னா எங்களுக்கு ஏது?" என்றாள். சொம்பில் ஊற்றி நீட்டினாள். மகளைப் பறிகொடுத்தவள் எனக்கு ஆறுதல் சொல்கிறாள். அந்தத் தண்ணீரை நான் குடிக்க வேண்டியிருந்தது, கண்ணு. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள், குடித்தேன். தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது. அவள் போனதும் வீட்டுக் கிணற்றடியில் போய் வாந்தி எடுத்தேன். அதற்குப் பிறகு அந்த ஊரில் இருந்தவரைக்கும் அவளிடம் கீரை வாங்கும்போது கண்ணைப் பார்த்துப் பேசினதில்லை. மாற்றல் ஆர்டர் வந்தபோது அப்பா ஆத்திரப்பட்டார், நீ அழுதாய், எனக்குப் பாரம் இறங்கினது போல இருந்தது. அதையும் இப்போது சொல்லிவிடுகிறேன்.

நீ பார்க்கிற வேலை இந்த மாதிரி வேலை. யாரோ ஒரு பொம்பளையின் அடுப்பங்கரையில் தொடங்கினது உன் மேசைக்குக் காகிதமாக வந்து சேரும். ஏகமனதாக என்று இருந்தால் சந்தேகப்படு. தண்ணீர் உப்பு என்று எழுதி வந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் ஒரு வாய் குடித்துப் பார். பெண் மெம்பர் இருக்கிற ஊருக்குப் போனால் பிரசிடெண்ட் வீட்டுக் காபியோடு திரும்பிவிடாதே, அவள் வீட்டுக்குப் போய், உலை இறக்கின பிறகு, உட்கார்ந்து கேள். எல்லாரும் ஒரே ஆளைக் கைகாட்டுகிறார்கள் என்றால் அந்த ஆளிடம் இரண்டாவது தடவையும் கேள். என்னை விசாரித்த அதிகாரி கேட்கவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்கு நான் இடமே கொடுக்கவில்லை. இன்னொன்று. நீ யார் பிள்ளை என்று ஏழுமலைக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறாய். உனக்கு என் முகம் அப்படியே. அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது. தெரிந்தும் அவர் உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை பார்.

இதுவரைக்கும் காலையில் எழுதினேன். இப்போது மணி மூன்று. அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். சாப்பிட்ட பிறகுதான் கொடுத்தேன், முன்னால் கொடுத்திருந்தால் தட்டைத் தொட்டிருக்கமாட்டார். பரீட்சைத் தாள் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு பக்கமாகப் படித்துக் கவிழ்த்து வைத்தார். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன், இங்கே கடம்பத்தூர் ஸ்டேஷனில் ஒரு கூட்ஸ் வண்டி போகிற சத்தம் முழுசாகக் கேட்டது.

"நீ கோணலா போட்டத ஜன்னல்லேர்ந்து நான் பாத்தேன்" என்றார். "கை நடுங்குதுன்னு நெனச்சிக்கினேன்."

பக்கங்களை அடுக்கி என் பக்கம் தள்ளினார்.

"போலின்னு எழுதினது நானு. உன்ன ஒரு வார்த்த கேக்காம எழுதினேன். கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?"

"தெரியலங்க" என்றேன். அதுதான் உண்மை.

எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். சட்டையை மாட்டினார். என்னை மன்னித்துவிட்டாரா என்று நீ கேட்காதே, கேட்கிற தைரியம் எனக்கும் இல்லை. அப்போது அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "இத ரிஜிஸ்டர் தபால்ல போடணும். சாதாரணமா போட்டா கெடைக்கவே இல்லன்னு சொல்லிடுவான்." என் பிள்ளை மேல் எனக்கு நம்பிக்கை உண்டு என்று சொன்னேன். "எனக்கும் உன்மேல இருந்துச்சி" என்றார். தபாலாபீஸ் மூடுவதற்குள் போக வேண்டும் என்று இப்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு காத்திருக்கிறார்.

அதனால் சீக்கிரம் முடிக்கிறேன். அம்மா பேர் கெட்டுவிடுமே, ஊர் சிரிக்குமே, புது வேலையில் நம் தலை உருளுமே என்று நீ யோசிப்பாய். நானும் அன்றைக்கு இதையேதான் யோசித்தேன். இந்த ஃபைலை நீ தொடக்கூடாது, சம்பந்தப்பட்டவள் என் தாயார் என்று கமிஷனரிடம் சொல்லி அவர் கையில் கொடுத்துவிடு. இந்தக் கடிதத்தை உன் பெட்டியில் பூட்டி வைக்காதே, ஃபைலில் வை, யார் கேட்டாலும் படிக்கக் கொடு, உன் பேரை மேலே எழுதியிருக்கிறேனே தவிர இது எல்லாரும் படிக்கத்தான். திங்கட்கிழமை முதல் ரயிலில் நானும் வருகிறேன். அப்பா வருவதாகச் சொல்லவில்லை, ஆனால் ரயில் நேரம் கேட்டு வைத்திருக்கிறார்.

கீழே என் கையெழுத்தை மூன்று தடவை போட்டிருக்கிறேன். தீர்மானப் புத்தகத்தில் இருப்பதோடு வைத்துப் பார். விசாரணையன்று வெள்ளைத்தாளில் போட்டதும் அதே ஃபைலில் இருக்கும், அதையும் எடுத்துப் பக்கத்தில் வை. அம்மா என்று போட்டால் உனக்குப் போதும், சர்க்காருக்குப் போதாது. அதனால் முழுப் பேரும் போட்டிருக்கிறேன்.